கேரள, ஆந்திர எல்லைப் பகுதி மாணவர்கள் படிப்பின் இடையில் தனியார் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், கேரளப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்து, காலிகட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் ஓராண்டு படித்த பிறகு, வாளையாறு தாண்டி இருக்கும் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாற விரும்புகிறார்கள். மூணாறு, பீருமேடு தோட்டப் பகுதிகளிலிருந்து எம்.ஜி. பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குப் போனவர்கள், பாறசாலைப் பக்கம் கேரளப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள், வடக்கே நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளிலிருந்து திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் படிப்பவர்கள் ஆகியோருக்கும் இந்த எண்ணம் வருவதுண்டு. விரும்பிய பாடம் கிடைக்காமல் கிடைத்ததில் சேர்ந்திருப்பார்கள். அல்லது குடும்பம் கோவைக்கோ வேலூருக்கோ குடிபெயர்ந்திருக்கும். அல்லது வளாகத்திலேயே வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்.

காரணம் எதுவாக இருந்தாலும், முடிவெடுத்த மறுநாளே பழைய கல்லூரிக்குச் சென்று டி.சி. கேட்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. புதிய இடத்தில் எந்த செமஸ்டரில் சேர்த்துக்கொள்வார்கள், இதுவரை பெற்ற கிரெடிட்டுகளில் (ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் எடைக்கேற்பத் தரப்படும் புள்ளிகளில்) எத்தனையை ஏற்றுக்கொள்வார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்து வடிவில் பதில் கையில் வரும்வரை டி.சி.க்கு விண்ணப்பிக்கக் கூடாது. டி.சி. வழங்கப்பட்டதும் உங்கள் பெயர் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். பிறகு அதே இடத்துக்குத் திரும்ப வேண்டுமானால் மறுசேர்க்கை என்ற வேறொரு நடைமுறையை, பல்கலைக்கழக அனுமதியோடு, தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது: உங்கள் படிப்பில் மாற்றத்துக்கு இடம் உண்டா

பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற படிப்புகளுக்கே இந்த வழிகாட்டி முழுமையாகப் பொருந்தும். பொறியியலுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிகளும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் குறுக்கே நிற்கும். டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி தனி, அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம் ஆகியவற்றுக்கு அந்தந்தக் கவுன்சில்களின் விதிகளே இறுதியானவை என்பதால், அப்படிப்புகளில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகம் தரும் வாய்மொழி உறுதியை நம்பி ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது.

எத்தனை செமஸ்டர் முடித்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இரண்டு செமஸ்டர் முடித்து மூன்றாவதில் சேர்வதே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பழகிய முறை. ஐந்தாவது செமஸ்டரில் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் குறைவு. 2021-ஆம் ஆண்டின் கிரெடிட் வங்கி விதிமுறைகளின்படி, பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டுகளில் குறைந்தது பாதியையாவது பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே பெற்றிருக்க வேண்டும் என்பதால், மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாண்டை வெளியே முடித்தவருக்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். ஒரே ஒரு செமஸ்டர் முடித்தவருக்கு என் யோசனை, மாற்றம் என்ற பேச்சையே விட்டுவிட்டு அடுத்த ஜூலையில் முதலாண்டில் புதிதாகச் சேர்வது. அரை ஆண்டு வீணாகும் என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். ஆனால் அந்த அரை ஆண்டைக் காப்பாற்ற அலைகிற அலைச்சலும் கட்டுகிற கட்டணமும் பல சமயங்களில் அதைவிட அதிகம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதைத் தீர்மானித்தல்

எல்லைப் பகுதியில் தனியார் பல்கலைக்கழகம் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை சட்டப்படி இரண்டு வகை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 1956-இன் 3-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு அறிவித்தவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். எட்டிமடையில் உள்ள அம்ரிதா, ஈச்சனாரியில் உள்ள கற்பகம், காருண்யா, வேலூரில் உள்ள வி.ஐ.டி., குமரி மாவட்டம் குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம், கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் ஆகியவை இந்த வகை. மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானவை இரண்டாவது வகை. ஆந்திரத்தில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து இவை பெருகின. சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா, ஆந்திரச் சித்தூரில் உள்ள அப்பல்லோ, திருப்பதியில் உள்ள மோகன் பாபு பல்கலைக்கழகம் ஆகியவை அப்படி வந்தவை. கேரளச் சட்டமன்றம் தனியார் பல்கலைக்கழக மசோதாவை 2025 மார்ச்சில்தான் நிறைவேற்றியது.

இவற்றோடு சேர்த்துக் குழப்பப்படும் மூன்றாவது இனம் தன்னாட்சிக் கல்லூரி. கோவையில் பெயர்பெற்ற தன்னாட்சிக் கல்லூரிகள் பல உள்ளன. அவை தாமே தேர்வு நடத்தினாலும் பட்டம் தருவது பாரதியார் பல்கலைக்கழகம்தான். அங்கே மாற வேண்டுமானால் கல்லூரி முதல்வரின் சம்மதம் மட்டும் போதாது, பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை, பாட ஒப்பீடு, பட்டம் மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடப்பதால், மாற்றம் அங்கே ஒப்பீட்டளவில் எளிது.

யு.ஜி.சி. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் உள்ளன, இரண்டையும் பார்த்துவிடுங்கள். பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ மாடி அறை ஒன்றில் இயங்கிக்கொண்டு, வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் மையம் என்று பலகை மாட்டியிருப்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. சத்தீஸ்கரில் ஒரே சட்டத்தின்கீழ் புற்றீசலாக முளைத்த தனியார் பல்கலைக்கழகங்கள் தொடர்பான யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தபோதே, ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழகம் அந்த மாநில எல்லைக்கு வெளியே கடை விரிக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டது. ‘மூன்று மாதத்தில் டிரான்ஸ்ஃபர் முடித்துத் தருகிறோம்’ என்று சொல்லும் ஏஜெண்டுகளுக்கும் இதே எச்சரிக்கைதான். மூன்றாவது செமஸ்டரில் ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்பதைத் துறைத்தலைவர் சொல்ல முடியும். ஏஜெண்டால் சொல்ல முடியாது.

கிரெடிட் கணக்கு

இந்த வேலை முழுவதிலும் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய பகுதி இதுதான். கேரளத்தில் 2024 ஜூலை முதல் நான்காண்டு இளநிலைப் பட்டத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்றாண்டோடு வெளியேறுபவருக்கு 133 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 177 கிரெடிட். யு.ஜி.சி.யின் பாடத்திட்ட, கிரெடிட் சட்டகம் முறையே 120, 160 என்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் மூன்றாண்டுப் படிப்பு 140 கிரெடிட் அளவில் அமைந்திருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தத்தம் கணக்கை வைத்திருக்கின்றன. ஆகவே ‘என்னிடம் இத்தனை கிரெடிட் இருக்கிறது’ என்ற மொத்த எண் புதிய இடத்தில் பெரிதாகப் பேசாது. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடாகிறது என்பதே பேசும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். காலிகட் பல்கலைக்கழகக் கல்லூரியில் பி.காம். படிக்கும் மாணவி இரண்டு செமஸ்டர் முடித்து 42 கிரெடிட் பெற்றிருக்கிறார். அதில் மேஜர் (முதன்மை) பாடங்கள் இரண்டுக்கு 8, மைனர் (துணை) பாடங்கள் நான்குக்கு 16, பல்துறைப் பாடங்கள் இரண்டுக்கு 6, ஆங்கிலத்துக்கு 6, இன்னொரு மொழிக்கு 6. அவர் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு செமஸ்டருக்கு 44 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். மேஜரில் கணக்கியலும் மேலாண்மையும் அங்கேயும் இருப்பதால் 8-உம் கிடைத்துவிடும். மைனரில் பொருளியல் இரண்டு பாடமும் துணைப்பாடமாக ஏற்கப்பட்டால் 8. மற்றொரு மைனராக எடுத்த வரலாறு இரண்டு பாடத்துக்கும் வணிகவியல் பாடத்திட்டத்தில் இடமில்லை, ஆகவே 8 கிரெடிட் போய்விடும். பல்துறைப் பாடங்களில் ஒன்றை விருப்பப் பாடமாக ஏற்றால் 3. ஆங்கிலம் 6. இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுத்திருந்தால் அதற்கும் 6. மொத்தம் 31. மீதி 13 கிரெடிட்டை, அதாவது வணிகப் புள்ளியியல், வணிகச் சட்டம், சுற்றுச்சூழல் கல்வி போன்று முதலாண்டில் அங்கே நடத்தி முடித்த பாடங்களை, அவர் மூன்றாவது, நான்காவது செமஸ்டர் பாடங்களோடு சேர்த்து எழுதியாக வேண்டும். இரண்டாம் மொழியாக மலையாளம் எடுத்திருந்து அதை ஏற்க மறுத்துவிட்டால் பற்றாக்குறை 19 ஆகிவிடும். அந்த நிலையில் பல துறைகள் ‘முதலாண்டிலேயே சேர்ந்துவிடுங்கள்’ என்று சொல்லிவிடும்.

இந்தக் கணக்கைப் பல்கலைக்கழகம் போட்டுத் தரும் முன்பே நீங்கள் போட்டுப் பார்த்துவிடலாம். புதிய இடத்தின் சிலபஸ் அவர்களது இணையதளத்தில் இருக்கும். ஒரு தாளை நெட்டுவாக்கில் மடித்து, இடப்பக்கம் நீங்கள் படித்த பாடங்களின் குறியீடு, பெயர், கிரெடிட், மதிப்பெண் ஆகியவற்றையும், வலப்பக்கம் அவர்களது பாடங்களையும் எழுதி, அலகு அலகாக ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாக இருப்பது போதாது. உள்ளடக்கத்தில் பெரும்பகுதி ஒத்திருந்தால்தான் துறைக்குழு ஏற்கும். பெயர் வேறாக இருந்தும் உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும் பாடங்களும் உண்டு. அவற்றை நீங்களே சுட்டிக்காட்டாவிட்டால் யாரும் தேடிக் கண்டுபிடித்துத் தர மாட்டார்கள்.

சிலபஸின் நகல் ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரி முதல்வரின் முத்திரையும் கையொப்பமும் பெற்றிருக்க வேண்டும். நீங்கள் சேர்ந்த ஆண்டில் நடைமுறையில் இருந்த சிலபஸே வேண்டும். பிறகு திருத்தப்பட்டதைக் கொடுத்தால் குறியீடுகள் பொருந்தாமல் கோப்பு திரும்பிவரும்.

அரியர் இருந்தால், கேரளத்துப் பிள்ளைகள் ‘சப்ளி’ என்று சொல்வார்களே அது இருந்தால், மாற்றத்துக்கான விண்ணப்பத்தையே பல பல்கலைக்கழகங்கள் பரிசீலிக்காது. இரண்டாம் செமஸ்டர் முடிவு வரவில்லை என்பது அரியரைப் போன்றதல்ல. முடிவுக்குக் காத்திருப்பதாகக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் சேர்க்கை நாளுக்குள் முடிவு வந்தாக வேண்டும்.

அபார் எண்ணும் கிரெடிட் வங்கியும்

2021 ஜூலையில் தொடங்கப்பட்ட அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற இணையவழிக் கணக்கில் உங்கள் கிரெடிட்டுகள் சேமிக்கப்படுகின்றன. டிஜிலாக்கர் வழியாக அதைப் பார்க்கலாம். மாணவர் ஒவ்வொருவருக்கும் உரிய 12 இலக்க அடையாள எண்ணான அபார் எண் இருந்தால்தான் இந்தக் கணக்கு இயங்கும். நீங்கள் இன்றே செய்ய வேண்டியது, டிஜிலாக்கரில் நுழைந்து இரண்டு செமஸ்டர் கிரெடிட்டும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. ஏறவில்லை என்றால் கல்லூரியின் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பதிவேற்ற வேண்டியது நிறுவனம்தான், மாணவரால் முடியாது. பழைய கல்லூரியில் நீங்கள் மாணவராக இருக்கும்வரை இந்த வேலையைக் கேட்டு வாங்குவது சுலபம். கிரெடிட் வங்கியில் எண் ஏறியிருப்பதாலேயே புதிய பல்கலைக்கழகம் அதை ஏற்றாக வேண்டும் என்று பொருளல்ல. ஏற்பது அவர்களது துறைக்குழுவின் முடிவு.

பெயர்ச் சிக்கல்

எல்லைப் பகுதித் தமிழ் மாணவர்களின் கோப்புகள் தேங்கி நிற்பதற்கு மதிப்பெண்ணைவிடப் பெரிய காரணம் பெயர் எழுத்து. முருகன் என்ற பெயரை மலையாளத்தின் வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது நடுவில் ‘கே’ எழுத்து வந்து, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறிவிடுகிறது. அதே பையனின் ஆதார் கோவையில் எடுக்கப்பட்டிருந்தால் அதில் ‘ஜி’ எழுத்து இருக்கிறது. ஆறுமுகம் என்பவர் ஓர் ஆவணத்தில் மகர ஈற்றோடும் இன்னோர் ஆவணத்தில் னகர ஈற்றோடும் இருப்பார். இனிஷியல் கேரள ஆவணத்தில் பெயருக்குப் பின்னால் நிற்கும், தமிழ்நாட்டில் முன்னால் நிற்கும், ஆந்திரத்தில் வீட்டுப் பெயர் முழுதாகவே முன்னால் வந்துவிடும். ஆதாரில் தந்தை பெயர் விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். அபார் எண் ஆதாரை ஒட்டி உருவாவதால், கல்லூரிப் பதிவோடு பெயர் பொருந்தாமல் கிரெடிட் ஏறாமல் நிற்கும்.

தீர்வு இரண்டு நிலைகளில் இருக்கிறது. வேறுபாடு சிறியதாக இருந்தால், இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று கிராம அலுவலர் தரும் சான்றிதழ் கேரளத்தில் அக்ஷயா மையம் வழியாக விண்ணப்பித்துப் பெறக்கூடியது; பெரும்பாலான சேர்க்கை அலுவலகங்கள் அதை ஏற்கின்றன. வேறுபாடு பெரியதாக இருந்தால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதே நல்லது. எஸ்.எஸ்.எல்.சி.யையே திருத்த வேண்டுமானால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் திருவனந்தபுரம் பரீட்சா பவனுக்கு விண்ணப்பம் போக வேண்டும். அது ஆற அமர நடக்கும் வேலை என்பதால், ஜூலையில் மாற நினைப்பவர் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே அதைத் தொடங்கிவிட வேண்டும்.

விண்ணப்பமும் கடிதமும்

ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பிப்பது உத்தமம். பல பல்கலைக்கழகங்களின் இணைய விண்ணப்பத்தில் இடைச் சேர்க்கைக்குத் தனிப் பகுதி இருக்காது. முதலாண்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கட்டணம் கட்டிவிட்டுப் பிறகு ‘நான் மூன்றாவது செமஸ்டர்’ என்று சொன்னால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஆகவே முதலில் பதிவாளர் அலுவலகத்துக்கும் துறைத்தலைவருக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தற்போது படிக்கும் பல்கலைக்கழகம், கல்லூரி, படிப்பு, முடித்த செமஸ்டர்கள், பெற்ற மதிப்பெண் சராசரி, அரியர் இல்லை என்ற விவரம், மாறக் காரணம், சேர விரும்பும் செமஸ்டர் ஆகியவை இருந்தால் போதும். நீங்கள் தயாரித்த பாட ஒப்பீட்டுப் பட்டியலையும், மதிப்பெண் பட்டியல்களையும், சிலபஸையும் இணைத்து அனுப்புங்கள். காரணத்தை எழுதும்போது பழைய கல்லூரியைக் குறை சொல்வதைத் தவிர்த்து, புதிய இடத்தில் உள்ள எந்தப் பாடம் அல்லது எந்த வசதி உங்களை ஈர்க்கிறது என்பதைக் குறிப்பாக எழுதினால் துறைத்தலைவர் படிப்பார்.

பதில் வந்ததும் அதன் வாசகத்தைக் கவனமாகப் பாருங்கள். ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்’ என்பது பதிலே அல்ல. ‘மூன்றாவது செமஸ்டரில், கீழ்க்கண்ட பாடங்களை முடிக்கும் நிபந்தனையோடு’ என்று பாடப் பெயர்களைக் குறிப்பிட்டு, பொறுப்புள்ள அதிகாரியின் கையொப்பத்தோடு வரும் கடிதம்தான் பதில். விடுபட்ட பாடங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டா, அவற்றுக்கு வகுப்பு நடக்குமா அல்லது தேர்வு மட்டும் எழுத வேண்டுமா, ரேங்க் பட்டியலுக்கும் தங்கப் பதக்கத்துக்கும் இடையில் சேர்ந்தவர்கள் தகுதி உள்ளவர்களா, வளாக வேலைவாய்ப்பில் முதலாண்டு மதிப்பெண்ணை எப்படிக் காட்டுவார்கள் என்ற கேள்விகளையும் இதே கட்டத்தில் கேட்டுவிட வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் பதில் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

சான்றிதழ்களைத் திரட்டும் வரிசை

ஒப்புதல் கடிதம் வந்த பிறகு, பழைய கல்லூரி முதல்வரிடம் ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ் கேளுங்கள். நூலகம், ஆய்வகம், விடுதி, விளையாட்டுத் துறை என்று ஒவ்வோர் இடத்திலும் பாக்கியில்லை என்று கையொப்பம் வாங்க வேண்டியிருக்கும். பிறகு டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், வருகைப்பதிவு விவரம். ஆந்திரத்தில் படிப்பு, நடத்தை இரண்டையும் சேர்த்து ஸ்டடி சர்டிஃபிகேட் என்று தருவார்கள். அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எங்காவது தேவைப்படும்.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறத் தேவைப்படும் மைக்ரேஷன் சான்றிதழ் கல்லூரி தருவதல்ல, பல்கலைக்கழகம் தருவது. காலிகட் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர் அதற்குத் தேஞ்ஞிப்பாலத்தில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையவழியில் விண்ணப்பித்தாலும் கையில் கிடைக்கச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், சேர்க்கையின்போது விண்ணப்பித்த ரசீதைக் காட்டி அவகாசம் கேட்கலாம். ஒப்புதல் கடிதத்திலேயே அதற்கு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் கிரேடு மட்டும் இருந்தால், கிரேடைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தின் நகலையும் இணைக்க வேண்டும்.

வருமானம், பூர்வீகம், சாதி ஆகியவற்றுக்கான சான்றிதழ்களை விண்ணப்பிக்கும்போதே வெளிமாநிலப் பயன்பாட்டுக்கு என்று குறிப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். மலையாளத்தில் உள்ள சான்றிதழைக் கோவையிலோ வேலூரிலோ வாசிக்க ஆள் தேடுவது வீண் அலைச்சல்.

சாதிச் சான்றிதழ் பற்றி ஒரு தெளிவு தேவை. பட்டியலினத்தவர் பட்டியலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறானவை. ஒரே சாதிப் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும், கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் கேரளச் சான்றிதழைக் காட்டித் தமிழ்நாட்டு அரசின் இட ஒதுக்கீட்டையோ உதவித்தொகையையோ கோர முடியாது. தமிழ்தானே தாய்மொழி என்ற வாதம் இங்கே எடுபடாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கே உரியது. கொழிஞ்சாம்பாறை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருந்தாலும் கிடைக்காது. மறுபுறம், கேரளத்தில் இ-கிராண்ட்ஸ் என்ற அரசு உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டிருந்தவர்கள் கல்லூரி மாறும் செய்தியை அந்தத் துறையின் அலுவலகத்தில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பணம்

ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், விடுபட்ட பாடங்களுக்கான கட்டணம், பாட ஒப்பீட்டுக் கட்டணம், விடுதி, முன்பணம் ஆகியவற்றையும் சேர்த்து மூன்றாண்டுக்கு அல்ல, மீதியுள்ள செமஸ்டர்களுக்குக் கணக்கிடுங்கள். ரசீது இல்லாத எந்தத் தொகையும் கட்ட வேண்டாம். நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டே பணம் கட்ட வேண்டும். 2018 அக்டோபரில் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான இறுதி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுக் கட்டணமும், அதில் 5 சதவீதத்துக்கு மிகாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் நடைமுறைச் செலவாகக் கழித்துக்கொண்டு, திரும்பத் தரப்பட வேண்டும். இறுதி நாளுக்கு முந்தைய 15 நாட்களுக்குள் என்றால் 90 சதவீதம். இறுதி நாளுக்குப் பிந்தைய 15 நாட்களுக்குள் 80. அதன் பிறகு 30-ஆம் நாள் வரை 50. அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. மாணவர்களுக்கு இதைவிடச் சாதகமான தேதிகளை அறிவித்ததும் உண்டு. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. சரிபார்த்த பிறகு திருப்பித் தந்தாக வேண்டும். மறுத்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம்.

முன்பே கல்விக் கடன் வாங்கியிருப்பவர், டி.சி. வாங்கும் முன் வங்கி மேலாளரைப் பார்த்துவிட வேண்டும். கடன் குறிப்பிட்ட கல்லூரிக்கும் படிப்புக்கும் அனுமதிக்கப்பட்டது. நிறுவனம் மாறினால் வங்கியின் சம்மதமும் புதிய கட்டண விவரமும் தேவைப்படும். புதிதாகக் கடன் கேட்பவர்களுக்கு 4 லட்சம் ரூபாய் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. கல்விக் கடனுக்கான வித்யா லட்சுமி தளத்தில் விண்ணப்பித்தால் எந்த நிலையில் இருக்கிறது என்பதையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வீட்டிலிருந்தே போய்வர நினைப்பவர்கள் விடுதிக் கட்டணத்தை மிச்சப்படுத்த முடியும். பாலக்காடு கோவை ரயில் பாதையில் வாளையாறு, எட்டிமடை, மதுக்கரை, போத்தனூர் எல்லாமே நிலையங்கள். மாணவர்களுக்கு ரயில் சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் விடுபட்ட பாடங்களுக்கான வகுப்புகளை மாலையில் வைக்கும் வழக்கம் பல துறைகளில் இருப்பதால், கால அட்டவணையைக் கேட்ட பிறகே விடுதி வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள்.

டி.சி. வாங்கும் நாளும் அதற்குப் பிறகும்

ஒப்புதல் கடிதம், கட்ட வேண்டிய தொகை விவரம், சேர்க்கைக்கான இறுதித் தேதி மூன்றும் கையில் இருக்கும்போது டி.சி.க்கு விண்ணப்பியுங்கள். கிடைத்ததும் அந்த அலுவலகத்திலேயே நின்று, பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முடித்த செமஸ்டர் ஆகியவற்றைச் சரிபாருங்கள். விலகும் காரணம் என்ற இடத்தில் மேற்படிப்பைத் தொடர என்பது போன்ற பொதுவான வாசகம் இருப்பது நல்லது. எல்லாச் சான்றிதழ்களையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்ட பிறகே மூலங்களைக் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையொப்பமிட்ட பட்டியலும் வாங்குங்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை இணையத்தில் நிரப்புவது, அபார் எண்ணைப் புதிய நிறுவனத்தில் பதிவது, பாடப் பதிவு ஆகியவை நடக்கும். பாடப் பதிவின்போது விடுபட்ட பாடங்களையும் உங்கள் பெயரில் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கணினியில் அவை தாமாக ஏறுவதில்லை. முதல் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் வந்ததும், ஏற்கப்பட்ட பழைய பாடங்களும் கிரெடிட்டும் அதில் அல்லது தனி இணைப்பில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒப்பீட்டு ஆணையின் நகலை இணைத்து எழுதுங்கள். அந்த ஆணையின் மூலத்தைப் பட்டம் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மேற்படிப்புக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, மூன்றாண்டுப் பட்டத்தில் முதலாண்டு மதிப்பெண் ஏன் வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று சான்றிதழ் சரிபார்ப்பவர் கேட்டால், மேசையில் எடுத்து வைக்க வேண்டியது அதுதான்.